19 வயதில் கப்பலில் போட்ட கணக்கு, 80 வயதில் நியூட்டனின் கணக்கு: ஈர்ப்பு விசையை விடாமல் துரத்திய சந்திரசேகர்!

ப்ளஸ் ஒன் இயற்பியலில் ஈர்ப்பியல் பாடம் வந்தாலே பலருக்கும் ஒரு பழக்கம் உண்டு. கணக்கை ஒரு தடவை வாசிப்பார்கள். அடுத்த நொடியே கை தானாகக் கைடைப் புரட்டும். இப்போது கைடு இருந்த இடத்தை யூடியூப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். சென்னையில் படித்தாலும் சரி, சங்கரன்கோவிலில் படித்தாலும் சரி, விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கைப் புரிந்துகொள்வதுதான் சுலபமான வழி.

இதற்கு நேர்மாறாக ஒருவர் இருந்தார். நோபல் பரிசு வாங்கிய பிறகு, 80 வயதை ஒட்டிய காலத்தில், நியூட்டன் 1687-ல் வெளியிட்ட புத்தகத்தைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு கணக்கிலும் கேள்வியை மட்டும் படித்தார். விடையை மூடிவைத்தார். தானே போட்டு முடித்த பிறகுதான் நியூட்டன் எப்படிப் போட்டிருக்கிறார் என்று பார்த்தார்.

அவர்தான் சுப்ரமணியன் சந்திரசேகர். இந்தக் குணம் முதுமையில் வந்ததல்ல. 19 வயதில் அவர் போட்ட ஒரு கணக்கை உலகின் பெரிய வானியலாளரே தவறு என்று சொன்னபோது, அவரைத் தாங்கிப் பிடித்ததும் இதே குணம்தான்.

லாகூரில் பிறந்த தமிழ்ப் பிள்ளை

சந்திரசேகர் பிறந்தது 1910 அக்டோபர் 19-ம் தேதி, லாகூரில். தந்தை சுப்ரமணிய ஐயர் அரசுத் தணிக்கை மற்றும் கணக்குத் துறை அதிகாரி. அந்த நேரத்தில் அவருக்கு லாகூரில் வேலை. தாய் சீதாலட்சுமி, நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பத்துப் பிள்ளைகளில் சந்திரசேகர் மூன்றாமவர், மகன்களில் மூத்தவர். சர் சி.வி.ராமன் அவருக்குச் சித்தப்பா.

1918-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. ஆரம்பப் படிப்பு வீட்டிலேயே. பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, அடுத்து மாநிலக் கல்லூரி. மகன் ஐசிஎஸ் அதிகாரியாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனுக்குக் கணிதம்தான் உயிர். கடைசியில் இயற்பியல் ஆனர்ஸ் சேர்ந்தார்.

1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஆர்னால்ட் சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய புத்தகத்தை முழுதாகப் படித்து வைத்திருந்த சந்திரசேகர், நேராகப் போய் அவரைச் சந்தித்தார். அங்கே காத்திருந்தது ஒரு ஷாக். அந்தப் புத்தகத்தில் இருந்த பல விஷயங்கள் பழசாகிவிட்டன, குவாண்டம் இயற்பியல் தலைகீழாக மாறிவிட்டது என்று அவரே சொல்லிவிட்டார். சோர்ந்துபோவதற்குப் பதிலாக, சாமர்ஃபெல்ட் கொடுத்த புதிய கட்டுரையை வாங்கிப் படித்துத் தனியாகக் கணக்குப் போடத் தொடங்கினார் 18 வயது சந்திரசேகர். அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டி இதழில் அவருடைய ஆய்வுக் கட்டுரை வெளியானது.

1930-ல் அரசு உதவித்தொகையுடன் கேம்பிரிட்ஜ் போக வாய்ப்பு வந்தது. அப்போது தாய் கடுமையாக நோயுற்றிருந்தார். போகலாமா, வேண்டாமா என்ற தவிப்பில், போய்த்தான் ஆக வேண்டும் என்று உறுதியாக நின்றவர் அந்தத் தாய்தான். மறு ஆண்டு அவர் இறந்தபோது மகன் இங்கிலாந்தில் இருந்தார்.

கப்பலில் நடந்தது என்ன?

1930 ஜூலை 31 அன்று மும்பையிலிருந்து கப்பல் கிளம்பியது. கடல் அமைதியான பிறகு, 19 வயதுப் பையன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: எரிபொருள் தீர்ந்துபோன விண்மீன் என்ன ஆகும்?

இது புரிய வேண்டுமானால் ஈர்ப்பு விசையின் நான்கு அடிப்படை விஷயங்கள் தெரிந்தால் போதும்.

விசை: நிறையுள்ள எந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று இழுக்கும். தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு.

புலம்: ஓர் இடத்தில் ஒரு கிலோ பொருளை வைத்தால் அதன் மீது எவ்வளவு இழுப்பு இருக்கும் என்ற கணக்கு. பூமியின் தரையில் இது சுமார் 9.8. தரையிலிருந்து 6,400 கி.மீ. மேலே போனால், பூமியின் மையத்திலிருந்து தூரம் இரண்டு மடங்காகிவிடும். அங்கே புலம் 2.45-தான். பரீட்சையில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். தூரத்தைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது, மையத்திலிருந்து அளக்க வேண்டும்.

தன்னிலை ஆற்றல்: ஓர் இடத்திலிருந்து ஒரு கிலோ பொருளை முழுவதுமாக வெளியே கொண்டுபோக எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்ற கணக்கு. ஈர்ப்பை ஒரு கிணறாக நினைத்துக்கொண்டால், இது கிணற்றின் ஆழம். தூரம் இரண்டு மடங்கானால் இது பாதியாகும், நான்கில் ஒரு பங்காகாது. விசைக்கும் இதற்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இது.

சுற்றுப்பாதை: விழுந்துகொண்டே இருப்பது, ஆனால் பக்கவாட்டு வேகத்தால் தரையைத் தொடாமலே போவது. நிலா பூமியைச் சுற்றுவது இப்படித்தான்.

பூமியின் கிணற்றிலிருந்து ஒரே வீச்சில் தப்பிக்க, காற்றுத் தடையை விட்டுவிட்டால், நொடிக்கு 11.2 கி.மீ. வேகம் வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து சுமார் 55 கி.மீ. தொலைவில் உள்ள திருநெல்வேலிக்கு ஐந்தே நொடியில் போகும் வேகம் அது. நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதித்துப் பார்க்கும் ராக்கெட் இன்ஜின்கள் எல்லாம் இந்தக் கிணற்றிலிருந்து மேலே ஏறத்தான் உழைக்கின்றன.

சரி, இப்போது விண்மீனுக்கு வருவோம். விண்மீன் என்பது ஓயாத ஒரு கயிறு இழுக்கும் போட்டி. ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது. எரியும் வெப்பத்தின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. எரிபொருள் தீர்ந்தால் வெப்பம் குறையும், ஈர்ப்பின் கை ஓங்கும், விண்மீன் சுருங்கும்.

சுருங்கிச் சுருங்கி, சூரியன் அளவு நிறை பூமியின் பருமனுக்குள் அடங்கிவிடும். இதுதான் வெள்ளைக் குள்ளன் விண்மீன். அதிலிருந்து ஒரு டீஸ்பூன் எடுத்தால் சில டன் எடை இருக்கும். அதன் பரப்பிலிருந்து தப்பிக்க வேண்டிய வேகம் நொடிக்கு 6,000 கி.மீ.க்கும் மேல். கண் சிமிட்டுவதற்குள் சங்கரன்கோவிலிலிருந்து சென்னையைத் தாண்டிவிடலாம்!

அதற்கு மேல் அது ஏன் சுருங்குவதில்லை? எலெக்ட்ரான்களை ஓர் எல்லைக்கு மேல் நெருக்கினால் அவை முரண்டு பிடித்துத் திருப்பித் தள்ளும். இது குவாண்டம் விதி. கேம்பிரிட்ஜில் சந்திரசேகருக்கு வழிகாட்டியாக இருக்கப்போகிற ஆர்.எச்.ஃபவுலர் 1926-லேயே இதைக் கண்டுபிடித்திருந்தார். எல்லா விண்மீனும் கடைசியில் வெள்ளைக் குள்ளனாகி அமைதியாக அடங்கிவிடும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை.

கப்பலில் சந்திரசேகர் கேட்டது ஒரே ஒரு கூடுதல் கேள்வி. இவ்வளவு நெருக்கடியில் அந்த எலெக்ட்ரான்கள் எவ்வளவு வேகத்தில் ஓடும்? கணக்குப் போட்டார். ஒளியின் வேகத்தை நெருங்கும் என்று வந்தது. அப்படியென்றால் ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டையும் சேர்த்தாக வேண்டும். சேர்த்துப் பார்த்தால், எலெக்ட்ரான்களின் தள்ளுவிசைக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. விண்மீனின் நிறை அந்த அளவைத் தாண்டிவிட்டால், ஈர்ப்பைத் தடுக்க எலெக்ட்ரான்களால் முடியவே முடியாது.

1931-ல் வெளியான கட்டுரையில் இந்த எல்லை சூரியனின் நிறையைப் போல 0.91 மடங்கு என்று இருந்தது. விண்மீனுக்குள் இருக்கும் பொருள் பற்றிய தகவல்கள் துல்லியமானபோது அது சுமார் 1.4 மடங்கானது. இதுதான் சந்திரசேகர் வரம்பு. ஏறக்குறைய அதே காலத்தில் வில்ஹெல்ம் ஆண்டர்சன், எட்மண்ட் ஸ்டோனர் ஆகியோரும் இப்படி ஓர் எல்லை இருப்பதைத் தனித்தனியாகக் கணித்திருந்தார்கள். விண்மீனின் உள் அமைப்பு முழுவதையும் வைத்து அதை உறுதியாக்கியவர் சந்திரசேகர்.

1935 ஜனவரி 11: அரங்கமே சிரித்த நாள்

கேம்பிரிட்ஜில் 1933-ல் முனைவர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். ராமானுஜன் வகித்த அதே பொறுப்பு. அடுத்த ஆண்டு முழுக்க, விண்மீன் விண்மீனாகக் கைக் கணக்கு. அந்த நாட்களில் அவருடைய அறைக்கு அடிக்கடி வந்து எங்கே வரை போயிருக்கிறது என்று விசாரித்தவர் ஆர்தர் எடிங்டன். 1919 சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைன் சொன்னது சரி என்று காட்டியவர். அன்றைக்கு வானியலில் அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் தன் முடிவை அறிவித்தார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். அங்கேதான் ட்விஸ்ட். இத்தனை நாள் கூடவே இருந்து பார்த்தவர், அந்தக் கணக்கின் அடித்தளமே தவறு என்றார். ஒரு விண்மீன் எல்லையே இல்லாமல் சுருங்கிக்கொண்டே போகும் என்பது அபத்தம், அதைத் தடுக்க இயற்கையில் ஏதாவது ஒரு விதி இருந்தே தீரும் என்பது அவர் வாதம். கூட்டம் சிரித்தது. சந்திரசேகருக்கு அப்போது வயது 24.

கணக்கில் எந்த வரி தவறு என்பதை எடிங்டன் காட்டவில்லை. விடை பிடிக்கவில்லை என்பதுதான் விஷயம். நீல்ஸ் போர், பௌலி போன்ற குவாண்டம் ஜாம்பவான்களிடம் சந்திரசேகர் தரப்பு நியாயம் கேட்டது. உங்கள் கணக்கு சரிதான் என்று தனிப்பட்ட முறையில் சொன்னார்கள். ஆனால் எடிங்டனுக்கு எதிராக வெளிப்படையாக யாரும் களமிறங்கவில்லை.

இந்த இடத்தில் இரண்டு வழிகள்தான் இருந்தன. ஆயுசு முழுக்கச் சண்டை போடலாம். அல்லது விடையை மாற்றிக்கொள்ளலாம். சந்திரசேகர் இரண்டையும் செய்யவில்லை. தன் முடிவை அப்படியே வைத்து, விண்மீன் அமைப்பு பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதி 1939-ல் வெளியிட்டார். பிறகு அந்தத் தலைப்பை மூடிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

விண்மீன்களுக்கும் டிராஃபிக் ஜாம்

1936-ல் சென்னைக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் தன்னோடு இயற்பியல் படித்த லலிதாவைத் திருமணம் செய்துகொண்டார். அந்தப் பயணத்தில் இன்னொரு வேலையும் செய்தார். ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைச் சந்தித்து, ராமானுஜனின் பாஸ்போர்ட் புகைப்படத்தை வாங்கிப் பேராசிரியர் ஹார்டியிடம் சேர்த்தார். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ராமானுஜன் முகம் அந்தப் படத்திலிருந்து வந்ததுதான்.

1937 தொடக்கத்தில் தம்பதி அமெரிக்கா போனார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் வேலை. தோல் நிறத்தைக் காரணம் காட்டி அவர் வளாகத்தில் பாடம் நடத்துவதை எதிர்த்தவர்களும் உண்டு. பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் தலையிட்டு அதைத் தள்ளிவிட்டார்.

அங்கே அவர் எடுத்த அடுத்த கணக்கும் ஈர்ப்புதான். இந்த முறை சுற்றுப்பாதைகள். சூரியனை ஒரு கோள் மட்டும் சுற்றினால் பாதை அழகான நீள்வட்டம். ஆனால் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் ஒரே கூட்டமாக ஒன்றையொன்று இழுத்தால்? ஒவ்வொன்றின் பாதையையும் தனித்தனியாகப் போட முடியாது. சந்திரசேகர் அதை நிகழ்தகவுக் கணக்காக மாற்றினார்.

1943-ல் அவர் காட்டிய ஒரு விளைவு இன்றும் அன்றாடப் பயன்பாட்டில் இருக்கிறது. கூட்டத்துக்குள் வேகமாகப் போகும் ஒரு கனமான விண்மீன், சுற்றியிருப்பவற்றைத் தன் பக்கம் இழுக்கும். அவை வந்து சேர்வதற்குள் அது முன்னே நகர்ந்துவிடும். ஆகவே கூட்டம் அதன் முதுகுக்குப் பின்னால் சேரும், அதன் ஈர்ப்பு அதைப் பின்னோக்கி இழுக்கும். எதிலும் மோதாமலேயே பிரேக் விழும்! இயக்க உராய்வு எனப்படும் இந்த விளைவை வைத்துத்தான் பெரிய விண்மீன் மண்டலங்கள் சிறியவற்றை எப்படி விழுங்குகின்றன என்பதை இன்றைய வானியலாளர்கள் கணிக்கிறார்கள்.

விண்மீன் கூட்டங்களின் இயக்கத்தையும் புத்தகமாக்கி மூடிவைத்தார். இதுதான் அவர் ஸ்டைல். ஒரு துறைக்குள் போவார், பல ஆண்டுகள் அதிலேயே கிடப்பார், ஒரு பெரிய புத்தகம் எழுதுவார், கிளம்பிவிடுவார். ஒளிக் கதிர்வீச்சு, பாய்மங்களின் நிலைப்புத்தன்மை, சுழலும் கோளங்களின் வடிவம் என்று வரிசையாகப் போனது. நடுவில் 1952 முதல் 1971 வரை வானியற்பியலின் முன்னணி ஆய்விதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். 1953-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

சிரித்தவர்களுக்கு வானம் சொன்ன பதில்

1967-ல் இங்கிலாந்தில் ஆராய்ச்சி மாணவி ஜோஸ்லின் பெல், விண்ணிலிருந்து சீரான துடிப்புகள் வருவதைக் கவனித்தார். அவை நியூட்ரான் விண்மீன்களிலிருந்து வருபவை என்பது விரைவில் உறுதியானது. வெள்ளைக் குள்ளனைவிடப் பல மடங்கு சுருங்கியவை அவை. 1970-களில் கருந்துளைகளுக்கான வலுவான தடயங்களும் கிடைத்தன. எல்லையைத் தாண்டினால் ஈர்ப்பு ஜெயிக்கும் என்ற கப்பல் கணக்கு நிஜமானது.

கருந்துளை என்பது தப்பிக்கும் வேகம் ஒளியின் வேகத்தையே எட்டிவிட்ட கிணறு. சூரியனை அப்படி ஆக்க, சுமார் 3 கி.மீ. ஆரத்துக்குள் நசுக்க வேண்டும். பூமியை? குறுக்களவு 2 செ.மீ.கூட வராது, ஓர் அரைநெல்லிக்காய் அளவு.

60 வயதைத் தாண்டிய சந்திரசேகர், தான் 19 வயதில் தட்டிய அதே கதவுக்குத் திரும்பி வந்தார். கருந்துளைகளின் கணிதம் பற்றிய அவருடைய புத்தகம் 1983-ல் வெளியானது. அதே ஆண்டு அவருடைய 73-வது பிறந்தநாளன்று நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. வில்லியம் ஃபவுலருடன் பகிர்ந்துகொண்டார். வழிகாட்டி ஃபவுலர் வேறு, இவர் வேறு. பாராட்டுக் குறிப்பு தன் இளமைக்கால வேலைக்கே அழுத்தம் கொடுத்ததில் அவருக்கு வருத்தம் இருந்தது. நடுவில் அரை நூற்றாண்டு உழைப்பு இருந்ததே!

எடிங்டனை அவர் வெறுத்தாரா? இல்லை. இருவரும் கடைசி வரை கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1944-ல் எடிங்டன் இறந்தபோது சிகாகோவில் அஞ்சலி உரை நிகழ்த்தியவர் சந்திரசேகர். 1982-ல் எடிங்டன் நூற்றாண்டுக்குக் கேம்பிரிட்ஜில் சிறப்புரை ஆற்றியவரும் அவரே. அதைத் தன் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்று எடிங்டனைக் குறிப்பிடும் தலைப்பிலேயே நூலாக்கினார். கணக்கு வேறு, மனிதர் வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

80 வயதில் மறுபடியும் மாணவன்

கடைசி வேலையாக அவர் எடுத்துக்கொண்டதுதான் நியூட்டனின் பிரின்சிபியா. ஈர்ப்பு விதி பிறந்த புத்தகம். பெயர் எல்லோருக்கும் தெரியும், முழுதாகப் படித்தவர்கள் குறைவு. காரணம், நியூட்டன் அதைப் பழைய வடிவியல் மொழியில் எழுதியிருந்தார்.

விடையை மூடிவைத்துக் கணக்குப் போடும் சந்திரசேகரின் முறை இங்கேதான் வெளிப்பட்டது. இன்றைய கணிதத்தில் தன் நிரூபணத்தை முடித்துவிட்டு, பிறகு 300 ஆண்டுகளுக்கு முந்தைய நிரூபணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பல இடங்களில் நியூட்டனின் வழி குறுகியதாகவும் அழகாகவும் இருந்ததைக் கண்டு வியந்தார்.

ஓர் உதாரணம், நிலாவை வைத்து நியூட்டன் செய்த சோதனை. ஆடித்தபசு இரவில் சங்கரன்கோவில் ரத வீதிக்கு மேலே தெரிகிற அதே நிலாதான். பூமியின் மையத்திலிருந்து அது பூமியின் ஆரத்தைப் போலச் சுமார் 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது. தூரம் 60 மடங்கு என்றால், இழுப்பு 60 பெருக்கல் 60, அதாவது 3,600-ல் ஒரு பங்காக இருக்க வேண்டும். தரையில் கைவிட்ட கல் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழும். அதை 3,600 ஆல் வகுத்தால் வருவது 1.36 மில்லிமீட்டர். நிலா தன் நேர்கோட்டுப் பாதையிலிருந்து ஒரு நொடியில் எவ்வளவு பூமி பக்கம் வளைகிறது என்று, அதன் 27.3 நாள் சுற்றை வைத்துத் தனியாகக் கணக்கிட்டாலும் அதே 1.36 மில்லிமீட்டர்தான் வரும். கல்லை இழுப்பதும் நிலாவை இழுப்பதும் ஒரே விசை என்பது இந்த ஒரு பொருத்தத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, தூரத்தை ஏன் மையத்திலிருந்து அளக்க வேண்டும் என்ற கேள்வி. கோள வடிவப் பொருள், வெளியே இருப்பவற்றைத் தன் நிறை முழுவதும் மையத்தில் குவிந்திருப்பதுபோலவே இழுக்கும் என்பதை நியூட்டன் நிரூபித்திருந்தார். ஈர்ப்பியல் பாடத்தின் பாதிக் கணக்குகள் நிற்பது இதன் மேல்தான்.

சந்திரசேகரின் பிரின்சிபியா விளக்க நூல் 1995-ல் வெளிவந்தது. நியூட்டன் காலத்துச் சூழலைக் கணக்கில் எடுக்காமல் இன்றைய கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் குறை சொன்னார்கள். அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனால் அவர் எழுதியது வரலாறு அல்ல. ஒரு கணக்காளர் இன்னொரு கணக்காளரின் நோட்டைத் திறந்து பார்த்த பதிவு அது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21-ம் தேதி, சிகாகோவில் மாரடைப்பால் அவர் உயிர் பிரிந்தது.

இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் பெயர்

சந்திரசேகர் வரம்பு இன்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி. ஆனால் வேலை செய்வதை நிறுத்தவில்லை. துணை விண்மீனிடமிருந்து பொருளை உறிஞ்சி இந்த எல்லையை நெருங்கும் வெள்ளைக் குள்ளன்கள் பெரும் வெடிப்புடன் சிதறும். கிட்டத்தட்ட ஒரே எல்லையில் வெடிப்பதால் அவற்றின் வெளிச்சத்தை வைத்துத் தூரத்தை அளக்க முடிகிறது. பிரபஞ்சம் விரிவடையும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-ல் தெரியவந்தது இப்படித்தான். அதற்கு 2011-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்கலம் ஓர் எக்ஸ்-ரே தொலைநோக்கியை விண்ணில் விட்டது. அதற்கு நாசா வைத்த பெயர் சந்திரா. கருந்துளைகளைச் சுற்றிக் கொதிக்கும் வாயுவையும் வெடித்த விண்மீன்களின் மிச்சத்தையும் 25 ஆண்டுகளைக் கடந்தும் அது படம் பிடிக்கிறது.

அதன் பாதை வட்டம் அல்ல, நன்றாக நீண்ட நீள்வட்டம். தொடக்கத்தில் பூமிக்கு அருகே வரும்போது உயரம் சுமார் 10,000 கி.மீ., தொலைவில் போகும்போது சுமார் 1,40,000 கி.மீ., ஒரு சுற்றுக்குச் சுமார் 64 மணி நேரம் என்று இருந்தது. அருகே வரும்போது பாய்ந்து ஓடும், தொலைவில் போகும்போது மெதுவாக நகரும். ஏன் அப்படி என்பதை நியூட்டன் பிரின்சிபியாவின் முதல் கணக்கிலேயே நிரூபித்திருக்கிறார். நியூட்டனின் விடையைப் பார்க்காமல் சந்திரசேகர் தானே போட்டுப் பார்த்த கணக்குகளில் அதுவும் ஒன்று.